அது வேறு கதை அல்ல

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியது:

"ஐயா, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். 'என் பாவமே, என் பாவமே' என்று மார்பில் தட்டிக்கொள்ளும்போது மனசில் எதுவும் அசைவதில்லை. தவக்காலத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள், எனக்கு வரவில்லை. ஊர்ச் சாமியாரிடம் சொல்லக் கூச்சப்பட்டு வேளாங்கண்ணிக்குப் போய் அங்குள்ள குருவிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இது தவறா? பாவத்துக்காக வருந்தும் என் மனஸ்தாபம் உண்மையானதுதானா? (பாகப்பிரிவினையில் தம்பியோடு கொஞ்சம் கசப்பு. எட்டு வருஷமாகப் பேச்சில்லை. அது வேறு கதை.)"

அன்புள்ள நண்பருக்கு,

வேளாங்கண்ணியோ உள்ளூரோ, எங்கே வேண்டுமானாலும் செய்யுங்கள். கேட்ட பாவத்தை உயிரே போனாலும் வெளியில் சொல்லக்கூடாது என்பது எல்லாக் குருக்களுக்கும் ஒரே சட்டம். கண்ணீரைப் பற்றியும் கவலை வேண்டாம். வரி வசூலித்துப் பணக்காரனான சக்கேயு மனம் மாறியபோது அழுதான் என்று நற்செய்தியில் லூக்கா எழுதவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான், அன்றைக்கே அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் கடைசி வரியில்தான். எட்டு வருஷத்தை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்களே! மார்பில் தட்டிக்கொண்டு சொல்கிறீர்களே, அந்த மன்றாட்டு எப்படித் தொடங்குகிறது? 'எல்லாம் வல்ல இறைவனிடமும், சகோதர சகோதரிகளே உங்களிடமும் நான் பாவி என்று ஏற்றுக்கொள்கிறேன்.' வாரம் ஒரு பூசை என்றாலும் நானூறு தடவைக்கு மேல் சொல்லியிருப்பீர்கள். ஒரு தடவையாவது தம்பி முகம் கண்முன் வந்ததா? மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். காணிக்கையைப் பீடத்தண்டையே வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்கிறார் ஆண்டவர். அவன்மேல் உனக்கு என்ன குறை என்று அவர் கேட்கவே இல்லை. உன்மேல் அவனுக்குக் குறை இருந்தால் போ என்கிறார். நாமோ நம் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போகிறோம். மனசு எப்படி அசையும்?

சில நாட்களாக எனக்கு அப்பா நினைவாகவே இருந்தது. உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

எங்களுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் குறைந்து முறை வைத்து விட்ட ஒரு வருஷம். சம்பா பால் பிடிக்கும் சமயம். மேலண்டை வயல்காரர் தன் முறையில் பாய்ச்சிக் கட்டிவைத்த தண்ணீரை, அப்பா ராத்திரியில் வரப்புக்கு அடியில் கடப்பாரையால் துளைபோட்டு எங்கள் வயலுக்கு இறக்கிவிட்டார். விடிந்து அவர் வந்து பதறியபோது, "நண்டு வளையா இருக்கும்ண்ணே" என்று சொல்லி, கூடவே குனிந்து சேறு அப்பி அடைத்தும் கொடுத்தார். எங்களுக்கு விளைந்தது. அவருக்குப் பாதி மணி பிடிக்காமல் சாவியாகப் போனது.

அறுவடை முடிந்து தவக்காலம் வந்தது. அப்பா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பரிகாரமாக ஐம்பத்து மூன்று மணி செபமாலை சொல்லச் சொல்வார் என்று நினைத்துப் போனவரிடம் சாமியார் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "அந்த நெல்லு இப்ப எங்க இருக்கு?"

பத்தாயத்தில் இருந்தது.

மறுநாள் ஆறு மூட்டையை வண்டியில் ஏற்றினோம். எனக்குப் பத்து வயசு. மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலண்டை வயல்காரர் திண்ணையில் உட்கார்ந்து வைக்கோல் பிரி திரித்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் குரலே எழும்பவில்லை.

"அண்ணே, அது நண்டு இல்ல. நாந்தான்."

அவர் கை நின்றது. வெகுநேரம் கழித்து, அப்பாவைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தே சொன்னார்: "ஒரு மாசம் அந்த வரப்புல நண்டு புடிச்சேன்டா." மூட்டையை இறக்கச் சொல்லவில்லை, திரும்பிப் போகவும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அவர் வீட்டம்மாதான் வந்து என்னிடம், "மாட்ட அவுத்துக் கட்டு தம்பி, தண்ணி காட்டணும்ல" என்றார்.

வருகிற ஞாயிறு பூசைக்கு முன்னால் உங்கள் தம்பி வீட்டுக்குப் போங்கள். போய்விட்டு வந்து எழுதுங்கள். வேளாங்கண்ணியைப் பற்றி அப்புறம் பேசலாம்.