குளோசே: தச்சு வேலையிலிருந்து பயிற்சியாளர் பணிவரை

ஜெர்மனியின் முன்னாள் முன்கள வீரர் மிரோஸ்லாவ் குளோசே இளையோர் பயிற்சியாளராக மாறியதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நான்கு உலகக் கோப்பைகளில் 16 கோல் அடித்தவர், ஓய்வு பெற்றதும் பெரிய அணிக்கே பயிற்சியாளராகப் போயிருக்கலாமே?

அவர் அவசரப்படவில்லை. 2016 நவம்பரில் ஓய்வை அறிவித்துவிட்டு, தேசிய அணியின் பயிற்சிக் குழுவில் சேர்ந்து தொழிலைக் கற்றார். 2018இல் ஜெர்மனியின் பெரிய கிளப்பான பயேர்ன் மியூனிக்கின் 17 வயதுக்குட்பட்டோர் அணியை ஏற்று, இரண்டு ஆண்டுகள் அந்தப் பையன்களோடு மைதானத்தில் நின்றார். எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது அப்போதுதான்.

என் மகனுக்கு 18 வயது. எந்த அகாதெமியும் அவனை எடுக்கவில்லை. இனி விட்டுவிடச் சொல்லலாமா?

வேண்டாம் அம்மா. குளோசே பிறந்தது போலந்தின் ஒபோலே நகரில். அப்பா தொழில்முறைக் கால்பந்து வீரர். அம்மா போலந்தின் எறிபந்து (ஹேண்ட்பால்) அணிக்கு ஆடியவர். எட்டு வயதில் ஜெர்மனிக்கு வந்தபோது அவருக்கு அந்த ஊர் மொழியே தெரியாது. பிறகு தச்சு வேலை பழகினார். 20 வயதை நெருங்கும்போதும் பிளாவ்பாக் என்ற சிற்றூரின் அணியில், ஏழாம் நிலை லீக்கில்தான் ஆடிக்கொண்டிருந்தார். 1999இல் கைசர்ஸ்லாட்டர்ன் என்ற ஜெர்மன் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2001 மார்ச்சில் அல்பேனியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் முதன்முதலாகக் களமிறங்கி, கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி வெற்றிக் கோலைப் போட்டார்.

உங்கள் மகன் ஆடட்டும். கூடவே ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொள்ளட்டும். ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

என் பையனுக்கு ஒன்பது வயது. குளோசேயைப் போலத் தலையால் அடிக்கப் பழக்கலாமா?

இப்போது வேண்டாம். 2002 உலகக் கோப்பையில் அவர் அடித்த ஐந்து கோல்களும் தலையால் முட்டியவை என்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் வளரும் மூளையை நினைத்துப் பாருங்கள். பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகள் பந்தைத் தலையால் அடிக்க அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இல் தடை அறிவித்தது. இங்கிலாந்திலும் தொடக்கப்பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அது கூடாதென்று 2020இல் வழிகாட்டுதல் வந்தது.

நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பலூனைத்தான் கொடுக்கிறேன். பலூன் மெல்ல இறங்கும். எப்போது குதிக்க வேண்டும் என்று கண் பழகும். முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நெற்றியில் அது பட வேண்டும். கண்ணை மூடுகிற பிள்ளை இரண்டு வாரத்தில் திறந்துகொள்கிறது.

நேர்மையைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் தோற்றுப்போக மாட்டார்களா?

தோற்கலாம். குளோசேயும் தோற்றார். 2012 செப்டம்பர் 26, நாப்போலி மைதானம். இத்தாலியின் லாசியோ அணிக்கு ஆடிய அவர், ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கார்னரிலிருந்து வந்த பந்தை வலைக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்துவிட்டார். நாப்போலி வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்துகிறார்கள். குளோசே நடுவரிடம் போய், பந்து தன் கையில் பட்டதென்று சொன்னார். கோல் நீக்கப்பட்டது. சற்றுமுன் கத்திக்கொண்டிருந்த எதிரணி வீரர்கள் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆட்டத்தை நாப்போலி 3-0 என்று வென்றது.

அந்தக் காட்சியை நான் என் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவேன். முடிவையும் மறைக்காமல் சொல்வேன். ஒரு முறை ஒரு சிறுவன், "அப்படியானால் அவருக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டான். கைகுலுக்கும் இடத்தை மறுபடி ஓட்டிக் காட்டினேன்.

ஜெர்மனி தேசிய அணிக்காக கெர்ட் முல்லர் வைத்திருந்த 68 கோல் சாதனையை குளோசே எப்போது தாண்டினார்?

2014 ஜூன் 6, ஆர்மேனியாவுக்கு எதிராக. மொத்தம் 137 ஆட்டங்களில் 71 கோல்கள்.

பயிற்சியாளராக அவர் வென்றாரா, இல்லையா?

ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. 2020-21இல் பயேர்னின் முதல் அணியில் ஹான்சி ஃபிளிக்குக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்து லீக் பட்டம் பெற்றார். ஆஸ்திரியாவின் ஆல்டாக் அணியை 2022இல் ஏற்று, 2023 மார்ச்சில் பதவி இழந்தார். 2024இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் அணிக்கு வந்தார். அங்கே அவர் இளையவர்களை நம்பி ஆடவைத்ததைப் பாருங்கள். கிரேக்கத்திலிருந்து 18 வயதில் வந்த முன்கள வீரர் ஸ்டெஃபானோஸ் ட்சிமாஸ் குளோசேயின் கையில் ஒரு பருவம் ஆடுவதற்குள், இங்கிலாந்தின் பிரைட்டன் அணி அவரை வாங்கிக்கொண்டது.