நேற்று ஏற்றிய வரிகள் எங்கே போயின?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஓர் உழவர் குழுவில் கணக்குப் பார்க்கிறேன். கொள்முதல் நிலையத்துக்கு அனுப்பும் நெல்லின் ரகம், ஈரப்பதம், மூட்டை எண்ணிக்கையைத் தினமும் மாலையில் ஒரு பைதான் நிரல் கூகுள் கிளவுட் ஸ்டோரேஜில் ஏற்றுகிறது. மறுநாள் பார்த்தால் முந்தைய நாள் வரிகள் இல்லை. கைபேசியில் திறந்தால் தமிழும் சிதைந்திருக்கிறது. என்ன செய்வது?

பதில்: இந்தச் சேமிப்பகம் பேரேடு அல்ல, நாளுக்கொரு வரியாகச் சேர்த்துக்கொண்டே போக. பைதானில் உரையை ஏற்றும் ‘அப்லோட் ஃப்ரம் ஸ்டிரிங்’ கட்டளை மூலம் நீங்கள் அனுப்பும் உரைதான் முழுக் கோப்பு. அதே பெயரில் முன்பு இருந்தது விலகிவிடும்.

போனதை முதலில் மீட்கப் பாருங்கள். பக்கெட்டின் (கோப்புகள் இருக்கும் கொள்கலனின்) ‘சாஃப்ட் டெலீட்’ அமைப்பில் நீங்கள் கைவைக்கவில்லை என்றால், விலகிய கோப்பு 7 நாள் வரை கிடைக்கும். மீட்டதும் அதுவே நடப்புக் கோப்பாகிவிடும் என்பதால் இன்றையதை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

இனி நாளுக்கொரு கோப்பு. நிலையத்தின் பெயர், பிறகு 2025-10-14 என ஆண்டு முன்னால் வரட்டும். பட்டியல் பெயர் வரிசையில் வருவதால், நம் வழக்கப்படி நாளை முன்னால் எழுதினால் எல்லா மாதத்து 14-ஆம் தேதியும் ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஏற்றும்போது ‘இஃப் ஜெனரேஷன் மேட்ச்’ என்ற நிபந்தனையின் மதிப்பை 0 ஆக்குங்கள். அப்போது அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் அதைத் தொடாமல் 412 பிழை வரும். ஐப்பசி மழையில் சிக்னல் அறுந்து, போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுபடி அனுப்புகிறீர்களா? 412 வந்தால் முன்பே சேர்ந்துவிட்டது என்று பொருள். பாதியில் நின்ற கோப்பு அங்கே தோன்றவே தோன்றாது.

மாதக் கணக்குக்கு ‘கம்போஸ்’ இருக்கிறது. ஒரே அழைப்பில் 32 கோப்புகள் வரை ஒட்டித் தரும். 31 நாள் மாதமும் அடங்கும். ஆனால் ஒவ்வொரு கோப்பின் முடிவிலும் புதுவரிக் குறி கட்டாயம். ‘14, ஆடுதுறை 43, 16.8, 62’ என்பதோடு மறுநாளின் ‘15’ ஒட்டிக்கொண்டால் 62 மூட்டை 6215 ஆகிவிடும். அந்தக் கணக்கை யாரிடம் காட்டுவது?

தமிழ் கெடவில்லை. நிரல் அதை யுடிஎஃப்-8 முறையில், எழுத்துக் குறிக்கு 3 பைட் வீதம், சரியாகத்தான் அனுப்புகிறது. கோப்பின் உள்ளடக்க வகை வெறும் ‘டெக்ஸ்ட்/ப்ளெய்ன்’ என்று இருப்பதால் உலாவி தானாக ஊகித்துத் தவறுகிறது. ‘டெக்ஸ்ட்/ப்ளெய்ன்; சார்செட்=யுடிஎஃப்-8’ என்று கொடுங்கள். ஏற்கெனவே உள்ள கோப்புகளை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. வகையை மாற்றி, கோப்பின் விவரங்களை மட்டும் திருத்தும் ‘பேட்ச்’ கட்டளையை அழைத்தால் போதும்.