தாட்சரைப் புகழும் மேசையும் தாட்சரை மன்னிக்காத ஊரும்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். மான்செஸ்டரில் ஆறு ஆண்டுகள் இருந்துவிட்டு மூன்று மாதங்களுக்கு முன்பு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸுக்கு மாறுதலாகி வந்திருப்பதாகவும், அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் நடந்த பேச்சு ஒன்று உங்களைக் குழப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்க நண்பர் ஒருவர் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரை வானளாவப் புகழ்ந்திருக்கிறார். உடனிருந்த பிரிட்டிஷ்காரர் முகம் சிவந்து எழுந்து போயிருக்கிறார். நிலைமையை இலகுவாக்க நினைத்து நீங்கள் அமெரிக்க அதிபரைப் பற்றி, மான்செஸ்டரில் எல்லோரும் சிரித்திருக்கக்கூடிய ஒரு கேலியைச் சொல்ல, அந்த அதிபருக்கு வாக்களிக்காதவர்கள்கூடச் சிரிக்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். போதாததற்கு, உங்கள் மகள் பள்ளியில் தினமும் காலையில் கொடியைப் பார்த்து உறுதிமொழி சொல்ல வேண்டியிருப்பதும் உங்களை உறுத்துகிறது. இவை எல்லாம் ஒரே விஷயத்தின் கிளைகள் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பிரிட்டனில் இருந்தது வட இங்கிலாந்தின் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான பார்ன்ஸ்லியில், 2001 முதல் 2012 வரை. அதன் பிறகு இங்கேதான் இருக்கிறேன். இரு நாட்டுக் குடியுரிமையையும் பெற்றவன் என்பதால், இரு நாட்டு உறுதிமொழிகளையும் என் வாயால் சொல்லியிருக்கிறேன். 2009-இல் பார்ன்ஸ்லி நகர மண்டபத்தில், இரண்டாம் எலிசபெத் அரசிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று சொன்னேன். 2023-இல் இங்கே நீதிமன்ற அறை ஒன்றில் வலக்கையை உயர்த்தி, அயல்நாட்டு மன்னர் எவருக்கும் நான் கட்டுப்பட்டவன் அல்ல என்று துறந்துவிட்டு, அமெரிக்க அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று சொன்னேன். ஓர் உறுதிமொழியில் ஒரு மனிதரின் பெயர் இருந்தது, மற்றதில் ஒரு சாசனம் இருந்தது. இரண்டிலும் ஆட்சி நடத்துபவரின் பெயர் இல்லை. ஆனால் நடைமுறையில் நேர்ந்திருப்பது வேறு. பிரிட்டனில் நாட்டுப் பெருமையைச் சுமக்க அரச குடும்பம் இருப்பதால், பிரதமர் வெறும் ஆட்சியாளராக மட்டும் எஞ்சுகிறார். அவரை எப்படி வேண்டுமானாலும் பேசலாம். அமெரிக்காவில் அரசுத் தலைவரும் ஆட்சித் தலைவரும் ஒருவரே. அதிபரைக் கேலி செய்யும்போது அவருக்குப் பின்னால் நிற்கும் கொடியின் மீதும் அந்தக் கேலி படுகிறது.

புதன்கிழமை நண்பகலில் நாடாளுமன்றத்தில் பிரதமரிடம் கேள்வி கேட்கும் அந்த அரைமணி நேரத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூச்சலிடுவார்கள், பிரதமர் எழுந்து எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். தேர்தலில் தோற்றால் மறுநாளே பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெருவிலிருந்து பெட்டி படுக்கையுடன் கிளம்ப வேண்டியதுதான். இங்கே அதிபர் ஆண்டு உரைக்கு அவைக்குள் நுழையும்போது அவரை வெறுக்கும் கட்சியினரும் எழுந்து நிற்கிறார்கள். பதவி போன பிறகும் அவரை அதிபர் என்றே அழைக்கிறார்கள். இங்கேயும் அதிபரைக் கேலி செய்கிறார்கள், இரவு நேரத் தொலைக்காட்சியில் அதற்கென்றே நிகழ்ச்சிகள் உண்டு. ஆனால் வீட்டுப் பிள்ளையை வீட்டார் திட்டுவது வேறு, முந்தாநாள் குடிவந்தவர் திட்டுவது வேறு. அந்த மேசையில் நீங்கள் இன்னும் முந்தாநாள் குடிவந்தவர், தம்பி. அதில் அவர்கள் தவறும் இல்லை, உங்கள் தவறும் இல்லை.

இனி தாட்சருக்கு வருகிறேன். 2013 ஏப்ரல் 8 அன்று அவர் இறந்த செய்தி வந்தபோது நான் இங்கே அலுவலகத்தில் இருந்தேன். என் மேலாளர் உண்மையான வருத்தத்தோடு என் இருக்கைக்கே வந்து, ஒரு பெரிய தலைவரை இழந்துவிட்டீர்கள் என்று கை குலுக்கினார். 1980-களில் அமெரிக்க அதிபராக இருந்த ரீகனுடன் தோளோடு தோள் நின்று சோவியத்துகளை எதிர்கொண்ட பெண்மணி என்பதுதான் அவர் அறிந்த தாட்சர். அன்று மாலை பார்ன்ஸ்லியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். தாட்சர் அரசு சுரங்கங்களை மூடுவதை எதிர்த்து நடந்த 1984-85 வேலைநிறுத்தத்தின்போது அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் சம்பளம் இல்லாமல், தொழிற்சங்கச் சமையற்கூடத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டவர். அவர் குரலில் மகிழ்ச்சியும் இல்லை, வருத்தமும் இல்லை. சுரங்கத்தை மூடினார்கள், அதன் பின் என் மகனுக்கு இந்த ஊரில் நிலையான வேலை கிடைக்கவே இல்லை என்று மட்டும் சொன்னார். இறுதிச் சடங்கு நடந்த நாளில் அவர் ஊருக்கு அருகிலுள்ள கோல்ட்தோர்ப் என்ற சுரங்க ஊரில் தாட்சரின் கொடும்பாவியை எரித்தார்கள். என் மேலாளருக்கு அதை நான் விளக்க முயன்றபோது, அவர் நம்பவே இல்லை.

இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அயல்நாட்டுத் தலைவரை நாம் அவர் உலக மேடையில் செய்ததை வைத்து அளக்கிறோம். சொந்த நாட்டார் அவர் தங்கள் வீட்டு அடுப்புக்குச் செய்ததை வைத்து அளக்கிறார்கள். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் 2003 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசியபோது உறுப்பினர்கள் திரும்பத் திரும்ப எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் அவருடைய ஈராக் போர்க் கொள்கைக்கு எதிராக இலட்சக்கணக்கானோர் லண்டன் தெருக்களில் நடந்திருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிசௌரியில் இருக்கும் வரை அவரிடமிருந்து நீங்கள் தப்ப முடியாது. அவருடைய தாய் புரூக்ளினில் பிறந்தவர். 1941 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது, தந்தை அமெரிக்கராகவும் தாய் பிரிட்டிஷ்காரராகவும் இருந்திருந்தால் நானே சொந்த முயற்சியில் இந்த அவைக்கு வந்திருப்பேன் என்ற பொருளில் சொல்லி அவர் அவையினரின் மனதைக் கவர்ந்தார். 1963-இல் அவருக்கு அமெரிக்கக் கௌரவக் குடியுரிமையும் கொடுத்தார்கள். செயின்ட் லூயிஸிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஃபுல்டனில், 1946 மார்ச் 5 அன்று, அதிபர் ட்ரூமன் பக்கத்தில் இருக்க, சோவியத் பிடியிலுள்ள கிழக்கைப் பிரிக்கும்படி ஐரோப்பாவின் குறுக்கே இரும்புத் திரை இறங்கிவிட்டது என்று அவர் பேசினார். அதன் நினைவாக, ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்துபோன லண்டன் தேவாலயம் ஒன்றைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே எழுப்பியிருக்கிறார்கள். அதன் அடியில்தான் சர்ச்சில் அருங்காட்சியகம்.

நான் அங்கே போனபோது ஒரு முதியவர் ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றிருந்தார். அந்தப் பேச்சின்போது சர்ச்சில் பிரதமரே அல்ல, 1945 தேர்தலில் அட்லியின் தொழிற்கட்சியிடம் தோற்றிருந்தார் என்று படித்துவிட்டு என்னிடம் திரும்பி, போரை வென்று கொடுத்தவரை எப்படி வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று மனம் வெதும்பிக் கேட்டார். போர் முடிந்ததும் மக்களுக்கு வீடும் வேலையும் மருத்துவமும் தேவைப்பட்டன, அவற்றை அட்லி தருவார் என்று நம்பினார்கள் என்றேன். நாம் இந்தியர்கள் என்பதால் மூன்றாவதாக ஒரு பார்வையும் நமக்கு உண்டு: 1943 வங்கப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டபோது பிரிட்டனை ஆண்டது அவருடைய அரசுதான். யாராவது உங்கள் கருத்தைக் கேட்டால் இதை மறைக்காதீர்கள். கேட்காதபோது இதைக் கொண்டு ஒருவரின் பெருமையை அடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. கேட்டவர்களிடம் நிதானமாகச் சொன்னபோது பெரும்பாலோர் பொறுமையாகவே கேட்டுக்கொண்டார்கள்.

மறுபக்கமும் இப்படித்தான். மான்செஸ்டரில் உங்கள் பழைய அலுவலகத்துக்கு அருகில் லிங்கன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பருத்தி வரத்து நின்று ஆலைகள் மூடிக் கிடந்தபோதும், அடிமை முறைக்கு எதிராக நின்ற லிங்கனை ஆதரித்து அவ்வூர்த் தொழிலாளர்கள் கடிதம் எழுதினார்கள். 1863 ஜனவரியில் அவர் நன்றி கூறிப் பதில் எழுதினார். அந்த லிங்கனை இங்கே தென் மாநிலங்களில் இன்றும் ஏற்காதவர்கள் உண்டு. அதிபர் கென்னடியின் நினைவாக லண்டனுக்கு அருகிலுள்ள ரன்னிமீடில் ஓர் ஏக்கர் நிலத்தையே அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்தது பிரிட்டன். ஆனால் எனக்குத் தெரிந்த பிரிட்டிஷ்காரர்களில் பலர் தங்களுக்குப் பிடிக்காத அதிபர் வந்தால் ஒட்டுமொத்த அமெரிக்கர்களையே முட்டாள்கள் என்றுவிடுவார்கள். அது அநியாயம். பார்ன்ஸ்லியில் அதைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். இங்கே வந்து வாழ்ந்த பிறகு அதற்காக வருந்துகிறேன்.

கொடி பற்றி. பிரிட்டனில் வீட்டு வாசலில் கொடி கட்டினால் இவர் எந்தக் கட்சி என்று அக்கம்பக்கத்தார் யோசிப்பார்கள். 2025 கோடையில் தெருவிளக்குக் கம்பங்களில் கொடி கட்டியதே அங்கே பெரிய வாக்குவாதமாயிற்று. இங்கே கொடி என்பது திண்ணைக்குக் கோலம் போல. உங்கள் மகளைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. உறுதிமொழி சொல்லும்படி எந்த மாணவரையும் அரசுப் பள்ளி கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943-லேயே, போர் உச்சத்தில் இருந்த காலத்தில் தீர்ப்பளித்துவிட்டது. அவள் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். என் மகன் முதல் ஆண்டு மௌனமாக எழுந்து நின்றான், அடுத்த ஆண்டு தானாகவே சொல்லத் தொடங்கினான். இரண்டு முறையும் நான் எதுவும் சொல்லவில்லை.

அந்த மேசைக்குத் திரும்பிப் போகும்போது அதிபரைப் பற்றிச் சொன்னதற்காகப் பெரிதாக மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை கருத்துச் சொல்வதற்கு முன் அவர்களைப் பேசவிட்டால் போதும். எழுந்து போன அந்த பிரிட்டிஷ்காரரைத் தனியாக ஒரு காபிக்கு அழைத்து, அவர் எந்த ஊர்க்காரர், அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்