எட்டு இழை போட்டும் எட்டு மடங்கு வராதது ஏன்?

குடியாத்தம் வாசகர் ஒருவரின் கேள்வி: “எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் அறிவியல் கண்காட்சிக்காக, இரண்டு மாப்புக் கட்டைகளுக்கு நடுவே நைலான் கயிற்றை மாற்றி மாற்றிப் போட்டு எட்டு இழை வரச் செய்தோம். 5 கிலோ அளவுக்கு இழுத்தால் எதிர்க்கட்டையில் 40 கிலோ வரும் என்று நினைத்தோம். தொங்கு தராசு 11 கிலோதான் காட்டுகிறது. எங்கே தப்பு?”

கணக்கில் தப்பில்லை, கட்டையில்தான். எல்லா இழையிலும் ஒரே இழுவிசை இருந்தால்தான் எட்டு மடங்கு. சுழலாத கட்டையில் கயிறு உரசிக்கொண்டே போகிறது. உராய்வுக் கெழு (உரசல் எவ்வளவு என்று சொல்லும் எண்) 0.2 என்று வைத்தால், ஒவ்வொரு அரைச்சுற்றிலும் விசை ஏறக்குறைய பாதியாகிவிடும்: 5, 2.7, 1.4, 0.8... கூட்டிப் பாருங்கள், 11-ஐ ஒட்டி நின்றுவிடும். இருபது இழை போட்டாலும் அதே கதைதான். மிரளும் மாட்டின் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு பையனே பிடித்து நிற்கிறானே, அந்த உராய்வுதான் இங்கே உங்களுக்கு எதிரி.

கட்டைமேல் பிவிசி குழாயைச் செருகிச் சுழலவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் கயிறு வெவ்வேறு வேகத்தில் ஓடும். ஒரே குழாய் எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்காது. வளைவுக்கு ஒரு தனிச் சக்கரம் வேண்டும்.

டூவீலர் மெக்கானிக் கடையில் கழித்துப் போட்ட 6201 எண்ணுள்ள பேரிங் நான்கு கேளுங்கள்; அவைதான் சக்கரங்கள். உள்துளை 12 மி.மீ.; 12 மி.மீ. போல்ட்டில் சரியாக உட்காரும். மேல்போல்ட்டில் இரண்டு, சுமை தொங்கும் கீழ்போல்ட்டில் இரண்டு. பேரிங்குக்கு இருபுறமும் உள்வளையத்தை மட்டும் தொடும் சின்ன வாஷர், அதற்கடுத்துக் கயிறு நழுவாமலிருக்கப் பெரிய வாஷர். கயிற்றின் ஒரு நுனியை மேல்போல்ட்டில் கட்டிக் கோத்தால் சுமையை நான்கு இழைகள் தாங்கும். எட்டுக்கு ஆசைப்படாதீர்கள், நான்கே போதும்.

நம் பக்கத்துக் கிணற்றுச் சகடை விசையைப் பெருக்காது, திசையை மட்டும் மாற்றும். மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்த பழைய கவலையில்கூட மாடுகள் சரிவில் இறங்கியதால்தான் அவற்றின் எடையும் உதவியது.

10 கிலோ இழுவையில் 40-ஐ நெருங்கும் சுமை எழும்பும். அப்போது மேல்போல்ட்டில் 50 கிலோ தொங்கும்; ஜன்னல் கம்பியில் மாட்டிவிடாதீர்கள். கயிற்றில் 10 செ.மீ.க்கு ஒரு சிவப்பு நூல் கட்டச் சொல்லுங்கள். சுமை 10 செ.மீ. ஏற, கையில் நான்கு நூல் வந்து சேரும். நடுவர் கேட்பதற்கு முன்பே மகள் அதை எண்ணிக் காட்டட்டும்.