முதலில் கைக்கு வேலை, அப்புறம் பேச்சு: கலந்து கூடும் கூட்டங்களுக்கான கேள்வி பதில்

இராமநாதபுரம் கடற்கரையில் பல சமூகத்தார் சேர்ந்து உட்காரும் கூட்டங்களை நடத்திப் பழகியவள் நான். முதல் அரைமணி நேர இறுக்கத்தை எப்படித் தளர்த்துவது என்று பலர் கேட்டிருந்தார்கள். என் பதில்கள் இவை.

தங்கச்சிமடம்: அக்கா, எங்கள் ஊர் மீனவ இளைஞர்களும் கீழக்கரைக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம். தொடக்கத்தில் சுயஅறிமுகம் வைத்தால் போதுமா?

வேண்டாம் தம்பி. பெயர், ஊர், தெரு என்று சொல்லச் சொன்னால் நம் பக்கத்தில் அதிலேயே மதமும் சாதியும் வெளியே வந்துவிடும். பிறகு அவரவர் ஆளைத் தேடி ஒதுங்குவார்கள்.

காற்று விளையாட்டு ஆடுங்கள். நடுவில் நிற்பவர் ‘வாடை’ என்று கத்தினால் எல்லோரும் வடக்கே ஓட வேண்டும். கொண்டல் என்றால் கிழக்கே, கச்சான் என்றால் மேற்கே, சோழகம் என்றால் தெற்கே. காற்று வரும் திசைக்குத்தான் ஓட்டம். போகும் திசைக்கு ஓடினால் அவுட். கடலுக்குப் போகிற வீட்டுப் பையன் யோசிக்காமல் ஓடுவான், கல்லூரிப் பிள்ளைகள் அவன் பின்னால் ஓடியாக வேண்டும். மைக்கைக் கொடுத்தால் பின்வரிசையில் ஒளிகிறவன் இங்கே முன்னால் ஓடுகிறான். இந்த விளையாட்டு எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். காற்றுகளின் பெயர் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இராமேசுவரம்: விடுதிகளில் வேலை பார்க்கும் வடமாநிலக் குடும்பங்களும் எங்கள் மகளிர் குழுவும் பொங்கலுக்குக் கூடுகிறோம். எங்களுக்கு இந்தி வராது, அவர்களுக்குத் தமிழ் வராது. என்ன செய்வது?

பல்லாங்குழி ஒன்றே போதும். வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, மொத்தம் 14 குழி. பலகை இல்லாவிட்டால் மணலை நனைத்துக் குழி தோண்டுங்கள். காய்ந்த மணல் சரிந்துவிடும். உங்கள் ஊரில் சோழிக்குப் பஞ்சமில்லை, புளியங்கொட்டையும் ஆகும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் குன்றிமணி மட்டும் வேண்டாம், அது நஞ்சு.

தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று எதிரெதிரே உட்கார வையுங்கள். விதி ஒன்றுதான்: பேசாமல் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் விரலைப் பிடித்துக் குழியைக் காட்டுவார்கள். ஒரு குழியில் நாலு காய் சேர்ந்து ‘பசு’ விழுந்ததும் தெரிந்தவர் அள்ளுவார், தெரியாத அம்மா ஏன் என்று கையை விரிப்பார். இரண்டாவது ஆட்டத்தில் அந்த அம்மாவே இவருக்கு முன்னால் பசுவை அள்ளிவிடுவார். அப்போது கிளம்பும் சிரிப்புக்குப் பிறகு மொழி தெரியாதது யாருக்கும் பெரிய குறையாகத் தெரியாது. அடுத்த சுற்றில் அவர்கள் ஆசிரியராகட்டும். லூடோ, கோலம் எதுவானாலும் சரி. நாம் மட்டுமே கற்றுக்கொடுத்தபடி இருந்தால் அவர்கள் கடைசிவரை விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்கள்.

மண்டபம்: மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு நாள் நடத்த ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

‘எப்போது வந்தீர்கள், எப்போது திரும்புவீர்கள்’ என்ற கேள்வி எந்த வடிவிலும் வரக்கூடாது. அந்தப் பிள்ளைகளில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். ‘சொந்த ஊரை வரைந்து காட்டு’ போன்றவற்றை நான் சேர்ப்பதே இல்லை.

கிளித்தட்டு ஆடுங்கள். இக்கரையிலும் அக்கரையிலும் அதே ஆட்டம்தான், ஆனால் விதிகளில் இடத்துக்கு இடம் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். இரண்டு தரப்பையும் கலந்து அணி பிரித்து, ‘இன்றைக்கு எந்த விதிப்படி?’ என்று அவர்களையே முடிவு செய்ய விடுங்கள். அந்தச் சச்சரவை அவசரப்பட்டுத் தீர்த்துவைக்காதீர்கள், நட்பு அங்கேதான் பிடிக்கிறது. முகாமில் ஆள் இருப்பைச் சரிபார்க்கும் தணிக்கை நடக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே நடத்துவதென்றால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

கீழக்கரை: பெண்கள் மட்டும் கூடும் நிகழ்ச்சி. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளிலிருந்து வருகிறார்கள். சாப்பாட்டை வைத்து ஏதாவது செய்யலாமா லாத்தா?

தாராளமாக. மூடியில் துளையிட்ட டப்பாக்களில் ஏலம், கருப்பட்டி, கருவாடு, சுட்ட தேங்காய் என்று போட்டு வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கருவாட்டு டப்பாவில் வரும் கலகலப்பு வேறு எதிலும் வராது. அப்புறம் உங்கள் ஊர் இனிப்பான தொதலை ஆளுக்கொரு துண்டு கொடுத்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேளுங்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி என்று ஒவ்வொன்றாக வரும்போதே அவரவர் வீட்டுப் பக்குவமும் பேச்சில் வந்துவிடும்.

வட்டிலப்பம் வைத்தால் அதில் முட்டை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள். ரமலானில் என்றால் உணவு விளையாட்டெல்லாம் நோன்பு திறந்த பிறகுதான்.

பாம்பன்: ‘இதைச் செய்தவரைக் கண்டுபிடி’ என்று கட்டம் போட்ட சீட்டு ஒன்று கிடைத்தது. எங்கள் பாசி எடுக்கும் அக்காமாருக்குச் சரிவருமா?

எழுத்துக்குப் பதில் படம் வரைந்தால் சரிவரும். ரயிலில் பாம்பன் பாலம் தாண்டியவர், பனையோலையில் பெட்டி முடையத் தெரிந்தவர், கடலாமையை நேரில் பார்த்தவர் என்று இங்குள்ள வாழ்க்கையிலிருந்து எடுங்கள்.

தொண்டி: எந்த மாதத்தில் வைத்தால் ஆண்களும் வருவார்கள்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். ஆனால் கையில் காசு இருக்காது. அதனால் தலைக்கு இவ்வளவு என்று வசூல் மட்டும் வைக்காதீர்கள். வெயில் தாழ, ஐந்து மணிக்கு மேல் தொடங்குங்கள். நடுவில் மஃரிப் தொழுகைக்கு இடைவெளி விடுங்கள்.

தேவிபட்டினம்: எல்லாம் செய்தும் ஒருவர் மட்டும் ஓரமாகவே உட்கார்ந்திருந்தால்?

பெயர் சொல்லி நடுவில் இழுக்காதீர்கள். டீ ஊற்றும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். அத்தனை பேரிடமும் ஒரு சுற்றுப் போய் வந்துவிடுவார்.