ஈரல் கிழிந்தால் ஏன் இரண்டு தடவை தியேட்டர்? கேள்வி பதில்

விபத்தில் ஈரல் மோசமாகக் கிழிந்தவர்களுக்குக் கட்டம் கட்டமாகச் செய்யும் சத்திரசிகிச்சை பற்றித் திருகோணமலையிலிருந்து வந்த கேள்விகளுக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் பதில்கள்.

மூதூர்: டொக்டர், மச்சானின் வயிற்றுக்குள் துணியை வைத்து, தைக்காமலே ஐசியுவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏன் முழுசாக முடிக்கவில்லை?

இடையில் நிறுத்தியது உயிரைக் காப்பாற்றத்தான். குருதி நிறையப் போனால் உடல் குளிரும், குருதியில் அமிலம் கூடும், உறையும் தன்மை கெடும். வெப்பநிலை 35 பாகைக்கும், அமில அளவைக் காட்டும் பிஎச் 7.2க்கும் கீழே இறங்கி, குருதி உறையத் தாமதிப்பதைக் காட்டும் ஐஎன்ஆர் 1.5ஐத் தாண்டினால், தைக்கத் தைக்க ஊசி போன இடமெல்லாம் கசியும். முதல் தடவை குருதியை நிறுத்துவது மட்டுமே வேலை. ஐசியுவில் சூடேற்றி, குருதியும் பிளாஸ்மாவும் பிளேட்லெட்டும் ஏற்றித் தேற்றிய பிறகுதான் மிச்சம்.

கிண்ணியா, தாதி: குருதியை அமுக்கி நிறுத்தும் துணியை, அதாவது பக்கை, எங்கே வைக்க வேண்டும்? எத்தனை?

முதலில் இரண்டு கையாலும் ஈரலை அமுக்கிப் பிடியுங்கள். மயக்க மருந்து வைத்தியர் குருதி ஏற்ற அவகாசம் கிடைக்கும். நிற்காவிட்டால் ஈரல் நாடியும், குடலிலிருந்து ஈரலுக்குக் குருதி கொண்டுவரும் வாயினாளமும் போகும் மடிப்பைக் கிளாம்பால் பிடிக்கிறோம். பிரிங்கிள் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1908இல் எழுதிய முறை இது. அப்படியும் கருங்குருதி பொங்கினால், பின்னாலுள்ள ஈரல் நாளமோ, உடலின் கீழ்ப்பாதிக் குருதியை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருநாளமோ கிழிந்திருக்கலாம். அந்த நேரத்தில் ஈரலைத் தூக்கிப் பார்க்கவே கூடாது.

மடித்த பெரிய பக்குகளை ஈரலுக்கு மேலேயும் கீழேயும் வைத்து, கிழிந்த ஓரங்கள் ஒன்றோடொன்று சேரும்படி அமுக்க வேண்டும். வெடிப்புக்குள் திணித்தால் அது இன்னும் விரியும். எண்ணிக்கைக்கு விதி இல்லை. கூடினால் கீழ்ப்பெருநாளம் நசுங்கிப் பிரஷர் விழும். வயிற்றமுக்கம் 20 mmHgஐத் தாண்டி, சிறுநீரும் குறைந்தால் உடனே சொல்லுங்கள். வைத்த எண்ணிக்கையைக் குறிப்பில் எழுதாமல் நோயாளி தியேட்டரை விட்டுப் போகக் கூடாது.

தம்பலகாமம்: எப்போது எடுப்பார்கள்?

பெரும்பாலும் 24 முதல் 72 மணித்தியாலத்துக்குள். முந்தினால் மறுபடி ஒழுகும், பிந்தினால் கிருமி பிடிக்கும். சேலைன் ஊற்றி நனைத்து, மெதுவாக எடுக்க வேண்டும். காய்ந்த துணி உறைந்த குருதியையும் பிய்த்துக்கொண்டு வரும். செத்த ஈரல் பகுதியை அகற்றி, பித்தம் கசியும் இடத்தைத் தைத்து, குழாய் வைப்போம். மறுபடி ஒழுகினால் திரும்பவும் பக் வைப்பதில் வெட்கம் இல்லை.

உப்புவெளி: நேரே கண்டிக்குக் கொண்டுபோனால் என்ன?

பிரஷர் விழுந்துகொண்டிருப்பவரை ஹபறணைப் பாதையில் மணிக்கணக்காக ஏற்றிப் போகக் கூடாது. பக் வைக்க விசேட கருவி தேவையில்லை, வைத்துவிட்டு அனுப்புங்கள். குருதிப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரனெக்ஸமிக் அமிலம் 1 கிராம், காயப்பட்டு 3 மணித்தியாலத்துக்குள், 10 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். அடுத்த 1 கிராமை 8 மணித்தியாலம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். பக் எண்ணிக்கை, கிளாம்ப் பிடித்த நேரம், ஏற்றிய குருதி எல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். நாடியிலிருந்து இன்னும் ஒழுகினால், வசதியுள்ள இடத்தில் நாடிக்குள் செலுத்தும் மெல்லிய குழாய் வழியாக அதை அடைக்கலாம்.

நிலாவெளி: ஈரல் கிழிந்த எல்லோருக்கும் ஒப்பரேஷனா?

இல்லை. பிரஷர் நிலையாக இருந்தால், சீடி ஸ்கேனில் பெரிய கிழிசல் தெரிந்தாலும் பலரை வெட்டாமலே கவனிக்கலாம்.

மூதூர்: வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க?

காய்ச்சல், கண் மஞ்சள், வலப்பக்க நோவு. சில கிழமை கழித்துக் குருதி வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால் அல்சர் என்று மருந்து குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஈரல் நாடி பித்தக் குழாய்க்குள் ஒழுகலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், ஈரல் காயப்பட்ட கதையை முதலில் சொல்லுங்கள்.