ஃபிளாட்டில் கரப்பான் தொல்லை: வாசகர் கேள்விகள்

மாதாமாதம் ஸ்ப்ரே அடிக்கிறேன். பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறதே? (வேளச்சேரி வாசகி)

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கரப்பான்? அரை அங்குலத்தில், வெளிர்பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோட்டோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். சமையலறையிலேயே குடித்தனம் நடத்தும். ஸ்ப்ரே, கண்ணில் பட்டதைக் கொல்லும். மீதி, குழாய் போகும் ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டு, வாசனை அடங்கியதும் திரும்பும். பெண் கரப்பான் 30, 40 முட்டைகள் கொண்ட பையை, பொரியும் தறுவாய் வரை உடம்பிலேயே சுமக்கும். அந்தப் பைக்குள் ஸ்ப்ரே சரியாகப் போகாது.

கரப்பான் தின்று சாகும் மருந்து ஜெல் வாங்குங்கள். ஆனால் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். இரவு விளக்கைப் போடாமல், டார்ச்சோடு மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அலமாரிக் கீல், சிங்க்குக்கு அடியில், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கமும் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் அதுதான் இருப்பிடம். அதை ஒட்டிச் சின்னச் சின்னப் பொட்டாக வையுங்கள். தின்ற கரப்பான் பொந்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற மற்றவையும் சாகும். ஒன்று, ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, ஜெல்லுக்குக் கொடுத்த காசு வீண். ராத்திரி சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள். ஜெர்மன் கரப்பான் பட்டினியைத் தாங்கும், தாகத்தை அவ்வளவு தாங்காது.

ஊருக்குப் போய்வந்தால் பாத்ரூமில் பெரிய பெரிய கரப்பான். எப்படி? (பெரம்பூர் வாசகர்)

அது சாக்கடைக் கரப்பான். ஜாலிக்குக் கீழே உள்ள டிராப் என்கிற குழிவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் தடுப்பு. நாளாக நாளாக வற்றினால் வழி திறந்துவிடும். கிளம்பும்போது ஒரு மக் தண்ணீர் ஊற்றி, ஜாலியை மூடிவிட்டுப் போங்கள். விருந்தாளி பாத்ரூமுக்கும் இதேதான், வாரம் ஒருமுறை.

எதிர்வீட்டுக்காரர் மருந்து அடிக்கவே மாட்டேன் என்கிறார். நாங்கள் மட்டும் செய்தால் போதுமா? (தாம்பரம் வாசகி)

குறையும், ஒழியாது. குழாய் செல்லும் ஷாஃப்ட் எல்லா வீட்டுக்கும் பொது. அசோசியேஷன் ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் ஷாஃப்ட்டுக்கும் ஏற்பாடு செய்வதுதான் சரி. எதிர்வீட்டுக்காரரிடம் ஸ்ப்ரே என்று சொல்லாமல் ஜெல் என்று சொல்லிப் பாருங்கள். நிறையப் பேருக்கு வாசனைதான் பிரச்சினை. அதுவரை உங்கள் பக்கம் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை ஒயிட் சிமெண்டாலோ சிலிகானாலோ அடையுங்கள்.

தவழும் குழந்தை இருக்கிறது. சாக்பீஸ் போடலாமா? (மதுரை வாசகர்)

வேண்டாம். அதுவும் பூச்சிமருந்துதான், தரையில் கோடு போட்டால் குழந்தை கைக்கும், அப்புறம் வாய்க்கும் போகும். போரிக் பவுடரும் தரையில் வேண்டாம். கை எட்டாத கீல் இடுக்கில் ஜெல் வையுங்கள். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவைத் தூண்டக்கூடும் என்பதால், பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பிரியாணி இலை, கற்பூரம்? (பெயர் வேண்டாம் என்றவர்)

பிரியாணிக்கும் பூஜைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட, மளிகை வந்த அட்டைப்பெட்டியை அன்றே வெளியேற்றுங்கள்.